வாங்கில் இருங்கோ!

ஆரணியில் ஞாயிற்றுக்கிழமை காலை என்பது ஒரு தனி சுகம். தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். அதன்மேல் ஏற்றிவிடாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், டீக்கடையில் உட்கார்ந்து, ஓசி பேப்பர் படித்து, பத்து மணிக்கு வீடு திரும்பி, இட்லி சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்வது... இதுதான் என் வாராந்திர விரதம். ஆறு நாள் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஏழாம் நாள் இதுகூட இல்லையென்றால் எப்படி ஸார்?

இந்த விரதத்தைக் கலைத்தது ஒரு துணி மூட்டை.

மூன்று வருஷம் முன்னால் தீபாவளி முடிந்த கையோடு, என் நண்பர்கள் மூவருக்குத் திடீரென்று தர்ம சிந்தனை வந்தது. ஒருவன் பேங்க், ஒருவன் ஜவுளிக்கடை, ஒருவன் பட்டு சொஸைட்டியில் கணக்கர். "பஸ்ல போற தூரத்துல இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. பழைய துணியெல்லாம் சேர்த்துக் கொண்டுபோய்க் குடுப்போம்" என்றார்கள். வீட்டில் என் மனைவி அகமகிழ்ந்து போனாள். முகாம்மீது கரிசனம் என்று நினைக்காதீர்கள். பீரோவில் இடம் கிடைக்கிறதே!

நாலு மூட்டை. பஸ்ஸில் மூட்டைக்கு லக்கேஜ் வேறு போட்டார் கண்டக்டர். முகாம் வாசலில் இறங்கினால், "பர்மிஷன் இருக்கா?" என்றார் அங்கிருந்த காவலர். எங்களிடம் மூட்டைதான் இருந்தது. "பர்மிஷன் இல்லாம உள்ள போகக் கூடாதுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

எதிரே டீக்கடை. நாலு பேரும் அசடு வழிய நின்றோம். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஏன் தம்பியவை நிக்கிறியள்? வாங்கில இருங்கோ" என்றார்.

ஜவுளிக்கடை நண்பன் பதறிவிட்டான். "ஐயோ, நாங்க எதுவும் வாங்க வரலீங்க ஐயா. கொடுக்கத்தான் வந்திருக்கோம்!"

பெரியவர் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. அவர்கள் ஊரில் வாங்கு என்றால் பெஞ்ச்சாம். "வாங்கில் இருங்கோ" என்றால் பெஞ்ச்சில் உட்காருங்கள் என்று அர்த்தம். போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். உட்கார்ந்தோம்.

மூட்டையைப் பார்த்தார். "உடுப்பு எங்களிட்ட இருக்குது தம்பி. தீபாவளி, பொங்கல் முடிஞ்சா கன பேர் கொண்டு வருவினம். குறை நினைக்காதேங்கோ..." என்று கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டார்: "பிள்ளையளுக்கு இங்கிலீசும் கணக்கும் சொல்லிக் குடுக்க ஏலுமோ?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேட்காமல் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோகிற பஸ்ஸில் மூட்டை இன்னும் கனத்தது. லக்கேஜ் மறுபடியும் போட்டார்கள்.

நாற்பது வருஷக் கதை

அன்று ராத்திரி பேங்க் நண்பன் ஒரு கேள்வி கேட்டான். "இவங்க எப்ப வந்தாங்கடா?" எங்கள் நாலு பேருக்குமே சரியாகத் தெரியவில்லை. தேடிப் படித்தோம்.

1983 ஜூலையில் இலங்கையில் நடந்த இனக் கலவரம்தான் தொடக்கம். கிடைத்த படகில் ஏறி ராமேஸ்வரம், தனுஷ்கோடிக் கரையில் வந்து இறங்கினார்கள். அந்த ஜூலையிலிருந்து 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் வரும் வரை வந்தவர்கள் 1,34,053 பேர். 1989 ஆகஸ்ட் முதல் 1991 ஏப்ரல் வரை இரண்டாம் அலை, 1,22,078 பேர். 1996-ல் மூன்றாவது, 2006-ல் நாலாவது. நாலும் சேர்ந்து மூன்று லட்சத்துக்கு மேல். இதில் 99,469 பேர் 1995 மார்ச்சுக்குள் திரும்பிப் போனார்கள். 2022-ல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்து, அரிசிக்கும் பால் பவுடருக்கும் திண்டாட்டம் வந்தபோதும் சில குடும்பங்கள் படகேறி வந்தன.

கரை இறங்கியவர்களை முதலில் மண்டபம் முகாமில் வைத்துப் பதிவு செய்வார்கள். அந்த இடத்துக்கே ஒரு பழைய கதை உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை, கப்பலேற்றும் முன் நோய் இருக்கிறதா என்று பார்க்க பிரிட்டிஷ்காரர்கள் நிறுத்திவைத்த முகாம் அது. போனதும் அந்த வழி, வந்ததும் அந்த வழி!

மண்டபத்திலிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். அப்படித்தான் கடலையே பார்க்காத எங்கள் பக்கத்துக்கும், வேலூர் பக்கத்துக்கும் கடலோரத்து ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். 2021 ஆகஸ்டில் சட்டசபையில் அரசு சொன்ன கணக்குப்படி 29 மாவட்டங்களில் 108 முகாம்கள். அவற்றில் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். முகாமுக்கு வெளியே போலீஸில் பதிந்துகொண்டு வாழ்பவர்கள் இன்னும் 34,087 பேர்.

பொண்ணு பார்க்கும்போதுகூட...

சரி, பாடம் எடுப்பது என்று முடிவாயிற்று. அனுமதி வாங்க வேண்டுமே? திங்கட்கிழமை திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். ஒரு கேஷுவல் லீவு போட்டு, பஸ் பிடித்துப் போய் மனு கொடுத்தோம். மனு தாலுகா ஆபீஸுக்கு வந்தது, அங்கிருந்து போலீஸுக்குப் போனது. ஆதார் கேட்டார்கள், போட்டோ கேட்டார்கள், "எதுக்குப் போறீங்க? இதுக்கு முன்னாடி போயிருக்கீங்களா?" என்று கேட்டார்கள். எனக்குப் பொண்ணு பார்த்தபோதுகூட மாமனார் இவ்வளவு விசாரிக்கவில்லை ஸார். அப்போது விசாரித்திருந்தால் கதையே வேறு!

ரெண்டு மாசம் இழுத்தது. அலுத்துக்கொண்டே டீக்கடைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஒருக்கா. எங்களுக்கு ஒவ்வொரு முறையும்" என்றார்.

பிறகுதான் புரிந்தது. முகாமில் அவ்வப்போது 'செக்கிங்' உண்டு. அந்த நாளில் குடும்பத்தோடு ஆஜராக வேண்டும். பெயரைப் படிக்கும்போது ஆள் இல்லையென்றால் பணக்கொடை நிற்கலாம், பதிவே கேள்விக்குறியாகலாம். வெளியூர் போய்த் தங்கவேண்டுமென்றால் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். அங்கே ஆண்களில் பாதிப் பேருக்கு பெயிண்ட் அடிக்கிற வேலை. எங்கோ சென்னையில், பெங்களூரில் சாரத்தில் நிற்பார்கள். செக்கிங் என்றால் தூரிகையைப் போட்டுவிட்டு ராத்திரி பஸ் ஏறி ஓடிவருவார்கள். ஒரு லீவு போட்டதற்கு நான் அலுத்துக்கொண்டேன்.

'இன்னாபா'வும் 'ஓம்'மும்

முதல் ஞாயிறு. முகாமின் பழைய வீடுகளில் பல பத்துக்குப் பத்து அடி. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே படுக்கை, அதற்குள்ளேயே பரீட்சைக்குப் படிப்பு. வகுப்பு மரத்தடியில்தான். முப்பது பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். எனக்கு ஒதுக்கப்பட்டது இங்கிலீஷ். ஆபீஸில் 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' என்பதைத் தாண்டி நான் எழுதினதில்லை. முதல் வாரம் ஒரு ஆறாம் கிளாஸ் பெண் என் ஸ்பெல்லிங்கைத் திருத்தினாள். மனசுக்குள் 'நம்ம வேலை சுலபம்' என்று தேற்றிக்கொண்டேன்.

ஒரு விஷயம் ரசித்தேன். இந்தப் பிள்ளைகளிடம் ரெண்டு தமிழ் இருக்கிறது. பள்ளிக்கூடத்து நண்பனிடம், "இன்னாபா, வரியா?" அம்மாவிடம் திரும்பினால், "ஓம் அம்மா, கெதியா வாறன்." சுவிட்ச் போட்ட மாதிரி மாறுகிறார்கள். நாங்களும் பழகினோம். கதைப்பது என்றால் பேசுவது, பேந்து என்றால் அப்புறம், வடிவு என்றால் அழகு, பாண் என்றால் பிரெட். "நீங்கள் வடிவாச் சொல்லித் தாறியள்" என்று ஒரு அம்மா சொன்னதை என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். 'வடிவு' யார் என்று ரெண்டு நாள் விசாரணை நடந்தது.

இதெல்லாம் சிரிக்கிற பக்கம். சிரிக்க முடியாத பக்கம் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் கணக்கில் ஒரு வருஷம்

ப்ளஸ் டூ பையன் ஒருவன். அப்பா பெயிண்டர். கணக்குப்பதிவியலில் கெட்டிக்காரன். நல்ல மார்க். பி.காம். சேரவேண்டும் என்று ஆசை. ஒரு கல்லூரியின் விண்ணப்பத்தை என்னிடம் கொண்டுவந்தான். பெயர், அப்பா பெயர், பிறந்த ஊர் எல்லாம் எழுதியிருந்தான். பிறந்தது நம் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி. 'நாட்டுரிமை' என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றிருந்தது.

"இதில என்ன ஸார் எழுதுறது? இந்தியன் எண்டு எழுதினா பொய். இலங்கை எண்டு எழுதினா, நான் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை."

எனக்குப் பதில் தெரியவில்லை. "முகாமில் பதிவு பெற்றவன்னு தாலுகா ஆபீஸ்ல ஒரு சான்று வாங்கணும். அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம், நானே கூட வர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு மச்சினிக்கு நிச்சயதார்த்தம். அதற்கடுத்த ஞாயிறு கிரிக்கெட் ஃபைனல். டி.வி. முன்னால் உட்கார்ந்தவன், 'ரெண்டு வாரம் போகாட்டி என்ன, சம்பளமா பிடிக்கப் போறாங்க?' என்று நினைத்தேன். மூன்றாவது ஞாயிறு போனபோது விண்ணப்பத் தேதி முடிந்திருந்தது.

பையன் கோபப்படவில்லை. அதுதான் சுட்டது. "பரவாயில்லை ஸார்" என்றான். அவன் கைவிரல் நகத்தில் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அப்பாவோடு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான். நான் திருத்தம் வாங்கிய அந்த ஆறாம் கிளாஸ் பெண் கேட்டாள்: "ஸார், நீங்களும் இனி வரமாட்டியள் எண்டு நினைச்சம்."

அந்த 'நீங்களும்' என்ற வார்த்தையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மூட்டையோடு வந்தவர்கள், போட்டோ எடுத்தவர்கள், மூன்று வாரம் பாடம் எடுத்துவிட்டு வேலை மாறிப்போனவர்கள். அந்த வரிசையில் நானும் நிற்க இருந்தேன். பிறந்ததிலிருந்து 'இது தற்காலிகம்' என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு, நாமும் தற்காலிகமாக உதவி செய்கிறோம்!

சட்டம் என்ன சொல்கிறது?

பையனின் கேள்வி விடவில்லை. விசாரித்தேன். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவருக்கு விதி இன்னும் இறுக்கம். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைப் பற்றியது. இலங்கை அதில் இல்லை. அகதிகள் பற்றிய 1951-ம் வருஷத்து சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவுமில்லை.

மண்டபத்தில் 1986-ல் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண், கோர்ட்டுக்குப் போய் 'நான் இந்தியர்தான்' என்று நிரூபித்து, 2024 ஏப்ரல் 19-ம் தேதி தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டார். வயது 38. நாமெல்லாம் ஓட்டுப் போடும் நாளை லீவு நாளாகக் கொண்டாடுகிறோம்.

மாற்றம் வராமலும் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என்று பணக்கொடையை உயர்த்துவது எல்லாம் அதில் வந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. எங்களுக்குப் பக்கத்து வேலூர் மேல்மொணவூரில் 2023 செப்டம்பரில் புது வீடுகளைத் திறந்துவைத்தார்கள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. பெரிய நிம்மதி. ஆனால் அது குடியுரிமை ஆகாது. பையனின் அந்தக் கட்டம் இன்னும் காலிதான்.

ஆரணியில் யார் பூர்வீகம்?

"நம்ம ஊருக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். பட்டு சொஸைட்டி நண்பன் அன்று அங்கே வந்திருந்தான். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். "எங்க தாத்தாவோட தாத்தாவைக் கேட்டிருந்தா, அவரும் இதையே சொல்லியிருப்பார் ஸார். அவரும் வந்தவர்தான்" என்றான்.

நிஜம்தானே? ஆரணியை ஆண்ட ஜாகீர்தார்கள் மராட்டியத்திலிருந்து வந்தவர்கள். சௌராஷ்டிர நெசவாளிகள் குஜராத்திலிருந்து இறங்கி வந்ததாகச் சொல்வார்கள். மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் கி.பி. 5-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. லாட தேசம் என்ற தென் குஜராத்திலிருந்து பட்டு நெசவாளிகள் அந்த ஊருக்குக் குடிபெயர்ந்து, சம்பாதித்துச் சூரியனுக்குக் கோயில் கட்டிய கதை அதில் வருகிறது. வந்தவர்களில் சிலர் நெசவை விட்டு வில்வித்தை பழகினார்களாம், சிலர் ஜோசியம் பார்த்தார்களாம். கட்டிய ஊர் இடம் கொடுத்தால், வந்தவன் கோயில் கட்டுகிறான். அவ்வளவுதான் விஷயம்.

உதவியும் ஒருவழிப் பாதை இல்லை. 1984-ல் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் தொண்டர்களே முகாம்வாசிகள்தான். முகாமில் படித்தவர் முகாமில் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது. இயேசு சபையின் அகதிகள் பணி அமைப்பு மாலை நேர வகுப்புகள் நடத்துகிறது. இதிலும் முகாமிலேயே படித்த பிள்ளைகள் ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

கடல் கடந்தும் பாருங்கள். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் ரெண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் தத்தளித்தார்கள். மீன் பிடிக்கப் போன கஸ் டால்டன் என்ற கேப்டன் முதலில் பார்த்துக் காப்பாற்றினார். பர்மிஷன் கேட்க நேரமில்லை! அதே கனடாவில் 1979-லிருந்து ஒரு ஏற்பாடு உண்டு. 2024 வரை சாதாரண ஜனங்கள் ஐந்து பேர் சேர்ந்தால் ஓர் அகதிக் குடும்பத்தை வரவழைத்து, ஒரு வருஷம் வீடு, செலவு, பள்ளிக்கூடம் எல்லாம் பார்த்துக்கொள்ள முடிந்தது. மாதச் சம்பளக்காரர்களும் அதில் இருந்தார்கள். 'ஒரு வருஷம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள் பாருங்கள், அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

கிளம்பப் போறீங்களா?

நீங்களும் போவதாக இருந்தால், அடிபட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்:

* முதலில் அனுமதி. கலெக்டர் ஆபீஸ், தாலுகா ஆபீஸ் வழியாகத்தான் போகவேண்டும். ஏற்கனவே வேலை செய்யும் அமைப்போடு சேர்ந்துகொண்டால் அலைச்சல் குறையும்.

* மூட்டை கட்டும் முன் கேளுங்கள். அவர்களுக்கு எது வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

* மாதம் ஒரு ஞாயிறுதான் முடியுமென்றால் ஒன்று என்றே சொல்லுங்கள். நாலு சொல்லி ஒன்று போகாதீர்கள்.

* போட்டோ எடுத்துப் போடாதீர்கள். படகில் வந்த கதையைத் தோண்டித் தோண்டிக் கேட்காதீர்கள். சொல்லத் தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

* "குடியுரிமை வாங்கித் தர்றேன்" என்று உதார் விடாதீர்கள். நம்மால் முடிவது விண்ணப்பம் நிரப்புவது, கடைசித் தேதியை நினைவில் வைப்பது, ஆபீஸுக்குக் கூடப் போவது. நாமெல்லாம் ஃபாரத்திலேயே பிழைப்பு நடத்துகிறவர்கள். அந்தத் திறமை இங்கே தங்கம்!

* வேலை கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. படித்து முடித்த பிள்ளைகள் நேர்முகத்தில் 'முகாம்' என்றதும் வெளியே அனுப்பப்படுகிறார்கள். உங்கள் ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? அடுத்த வருஷம் தேதி அறிவித்த மறுநாளே லீவு போட்டு அவனோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றேன். சான்று கிடைத்தது, இடமும் கிடைத்தது. இப்போது பி.காம். ரெண்டாம் வருஷம். லீவு நாளில் பெயிண்ட் அடிக்கிறான். ஞாயிறு மதியம் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறான். என்னைவிட வடிவாக. ஆனாலும் அவன் இழந்த ஒரு வருஷம் இழந்ததுதான். அதை எந்தப் பக்கத்தில் பற்று வைப்பது என்று கணக்கு எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

போன வாரம் புதிதாக ஒரு இளைஞர் பர்மிஷனோடு வந்திருந்தார். மரத்தடியில் தயங்கி நின்றார். பையன் அவரைப் பார்த்து, "வாங்கில இருங்கோ ஸார்" என்றான். அவர் முழித்தார். பையன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

நான் அர்த்தம் சொல்லவில்லை. ரெண்டு ஞாயிறு வரட்டும், தானே தெரிந்துகொள்வார்!